குவார்ட்டர் கிடையாது

"மண்டையோடு சரி. ஆனா இந்த எலும்பு ரெண்டும் கும்பிடு போடுற மாதிரி இருக்கே கேப்டன்? இதைப் பார்த்து எவன் பயப்படுவான்? ஓட்டு கேக்க வந்திருக்கான்னு நினைப்பான்."

மேஜை மேல் விரித்திருந்த கருப்புக் கொடியைப் பார்த்து வளையக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தார்ப்பாய் ஓரத்தில் பித்தளை வளையம் அடிப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் அடிப்பாள். ஆயிரத்தோரு அபிப்பிராயம் சொல்வாள்.

கேப்டன் கைப்பேசியில் 'வருகிறேன்' என்று தட்டியிருந்தாள். ஐந்தே எழுத்து. அனுப்புகிற பொத்தான் மேல் கட்டைவிரலைக் கொண்டுபோனாள். விரல் அங்கேயே நின்றது. அழித்தாள்.

காலையிலிருந்து இதே வேலை. தட்டுவது, அழிப்பது, எழுந்து ஜன்னல் வரை போவது, வந்து உட்காருவது, திரும்பவும் தட்டுவது.

"உனக்கு என்ன, நாற்காலியில முள்ளா இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாதவ ஒரு தார்ப்பாயை நாலு தடவை அளப்பாளா?"

கேப்டன் என்பது பட்டறை வைத்த பேர். அவள் எந்தக் கப்பலையும் ஓட்டியதில்லை. நீச்சல்கூடத் தெரியாது. ராணுவ முகாம் வாசலில் இருக்கும் இந்தப் பட்டறையில் லாரிகளுக்குத் தார்ப்பாய், கூடாரங்களுக்குக் கித்தான் தைப்பவள். ஆனால் கடல்கொள்ளையர் என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போதும், ஊசியைக் கீழே வைத்துவிடுவாள். அவர்கள் புதையலைப் புதைக்கவில்லை, கிடைத்ததை அடுத்த துறைமுகத்திலேயே தின்று தீர்த்தார்கள் என்பாள். கேப்டனையே ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள், பிடிக்காவிட்டால் இறக்கிவிட்டார்கள் என்பாள். "அப்ப நம்ம முதலாளிக்கும் ஒரு ஓட்டெடுப்பு வச்சிடலாமா?" என்று வளையக்கா கேட்பாள். முதலாளி உள்ளறையிலிருந்து இருமுவார்.

மிச்சக் கித்தானில் கொடி தைப்பது, கயிறு கிடைத்தால் முடிச்சுப் போட்டுப் பழகுவது, மரச்சீவலில் குட்டிக் கப்பல் செய்வது. இதெல்லாம் பொழுதுபோக்கு என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் திருத்தவில்லை.

போன வாரம் அந்தப் பொழுதுபோக்கு பட்டறை வாசலிலேயே வந்து நின்றது. பாய்மர மேஸ்திரி. பழைய பாய்மரக் கப்பல் ஒன்றைச் செப்பனிட்டு ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டும் கும்பலின் ஆள். கித்தான் வாங்க வந்தவர் அவள் தைப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நேற்றுச் சாயங்காலம் போன் செய்தார்.

"பாய் தைக்கிற ஆள் கையை உடைச்சுக்கிட்டான்மா. எட்டு மாசப் பயணம். வர்றதுன்னா நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லிடு. விடியக்காலம் கடல் தண்ணி ஏறுற ஓதத்துல கிளம்பிடுவோம். நான் கெஞ்சவும் மாட்டேன், காத்திருக்கவும் மாட்டேன்."

முதலாளியிடம் மட்டும் காலையில் சொல்லிப் பார்த்தாள். "போறதுன்னா போயிட்டு வா. தையல் மெஷின் உனக்காக அழாது" என்றார். அந்தப் பக்கம் தடை இல்லை. வேறு எந்தப் பக்கமும் தடை இல்லை. அதுதான் பிரச்சினை.

அவள் வளர்ந்த வீட்டில் யாரும் தானாக எங்கேயும் போனதில்லை.

அம்மா ராணுவ ஆஸ்பத்திரி நர்ஸ். மேஜராக ஓய்வு பெற்றவர். அப்பா, மேஜரின் பின்னால் பெட்டி தூக்கி வந்தவர். மாற்றல் உத்தரவு வரும். 'ஏன்' என்று கேட்கக் கூடாது. 'எங்கே' என்று கேட்கலாம், உடனே பதில் வராது. 'எப்போ' ஒன்றுதான் உருப்படியான கேள்வி. அதற்கு வரும் பதிலுக்கு எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டியது 'சரி'. ஆளுக்கு ஒரு இரும்புப் பெட்டி. அதில் அடங்காதது எல்லாம் பக்கத்து வீட்டுக்கு. ஒரு முறை பூனை போனது. ஒரு முறை சைக்கிள். ஒரு முறை, இன்னும் ஒரு வாரம் கிடைத்திருந்தால் உயிர்த்தோழி ஆகியிருக்கக்கூடிய ஒரு சுருட்டைமுடிக்காரி.

அப்படி ஒரு ஊரில், ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கிடந்த படப் புத்தகத்தில்தான் அவர்களைப் பார்த்தாள். கிழிந்த சட்டை, கருப்புக் கொடி, யாரும் கையெழுத்துப் போட்டு அனுப்பாத பயணம். உத்தரவு இல்லாமல் ஊர் மாறுகிற ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள்! அன்றைக்கே அவள் கட்சி மாறிவிட்டாள்.

இப்போது கட்சி ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறது. கால் நகர மாட்டேன் என்கிறது.

கைப்பேசி கிணுகிணுத்தது. 'கருங்கொடி' குழு. கடல்கொள்ளையர் பைத்தியம் பிடித்தவர்கள், அவளோடு சேர்த்து மொத்தம் மூன்று பேர். முதல் குரல், பல்செட் செய்யும் சுறாவுடையது.

"கேப்டன், ஞாயித்துக்கிழமை பூங்கா குளத்துச் சண்டையில என் கப்பலுக்கு மட்டும் கொஞ்சம் கருணை காட்டணும். போன தடவை நீ இடிச்சதுல மூக்கு நொறுங்கிடுச்சு. பல்லு ஒட்டுற பசையை எடுத்து ஒட்டியிருக்கேன். பாவம், ஒரு பெரியவர் ரெண்டு நாளா கஞ்சி குடிச்சிட்டு இருக்காரு."

அடுத்த குரல் பீப்பாய் அண்ணன். பள்ளிக்கூட வேன் டிரைவர்.

"கேப்டன், ஒரு சந்தேகம். ஒத்தக் கண்ணைக் கட்டி வச்சிருந்தா அந்தக் கண்ணு இருட்டுல நல்லாத் தெரியுமாமே? வேன் சுரங்கப்பாதைக்குள்ள போறப்ப..."

அவள் பதறிப்போய்ப் பேசினாள். "அண்ணே! வேன்ல பிள்ளைங்க இருக்கு. ரெண்டு கண்ணையும் திறந்து ஓட்டுங்க!"

"சும்மா ஒரு அறிவுக்காகக் கேட்டேன்மா."

உடனே சுறா. "பேச்சை மாத்தாதீங்க. என் கருணை என்னாச்சு?"

கேப்டனுக்கு எரிச்சல். எட்டு மாசம் தண்ணீர் மேலா, வாழ்நாள் முழுக்கத் தார்ப்பாய் மேலா என்று மண்டை காய்ந்துகொண்டிருக்கிறது, இவனுக்குப் பொம்மைக் கப்பல் மூக்கு. அதற்குள் மேஸ்திரியின் எண்ணைத் திறந்தாள், மூடினாள். வீட்டிலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்தாள், ஒன்றும் இல்லை. பிறகு படபடவென்று தட்டினாள்.

'குவார்ட்டர் கிடையாது. ஆறு மணிக்கு எல்லாரும் தயாரா இருக்கணும். பேச்சுக்கே இடமில்லை.'

அனுப்பினாள். இதற்கு மட்டும் விரல் நிற்கவில்லை.

"யாருக்கு இவ்வளவு கோவமா?" என்றாள் வளையக்கா.

"சுறாவுக்கு. குவார்ட்டர் கிடையாதுன்னு சொல்லிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணே. ஞாயித்துக்கிழமை ஆனா போதும், பாட்டிலும் கையுமா உக்காந்துடுதுங்க."

"அக்கா, இது அந்தக் குவார்ட்டர் இல்ல. அந்தக் காலக் கடல் சண்டையில குவார்ட்டர்னா உயிர்ப்பிச்சை. கருப்புக் கொடி ஏத்தினா, சரணடைஞ்சிடு, விட்டுடறேன்னு அர்த்தம். சிவப்பு ஏத்தினா குவார்ட்டர் கிடையாது, ஒருத்தனும் தப்ப முடியாது."

"எந்தக் குவார்ட்டரா இருந்தா என்ன, கிடையாதுன்னா வீட்டுக்கு நல்லதுதான்."

கைப்பேசி ஒரு முறை அதிர்ந்தது. 'அப்பா: சரி.'

வீட்டு மொட்டை மாடியில் காயும் கித்தானை எடுத்துவைக்க அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் வாசலில் லாரி வந்து நின்றது. அதன் கிழிந்த தார்ப்பாயை நாலு பேர் இழுத்துப் போட, மதியம் முழுக்க ஊசியும் கையுமாகப் போனது. காலையில் அப்பா சொல்லி அனுப்பிய இன்னொரு வேலை சுத்தமாக மறந்துபோனது. 'அந்தக் குவார்ட்டர்ஸ் நீட்டிப்பு என்னாச்சுன்னு ஆபீஸ்ல ஒரு எட்டு கேட்டுட்டு வா பாப்பா.'

ஓய்வுக்குப் பிறகும் அம்மா ஒப்பந்தத்தில் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். அதனால்தான் முகாம் வீடு இன்னும் கையில் இருக்கிறது. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டித்தால் வீடு. இல்லாவிட்டால் பெட்டி.

ஐந்து மணிக்குச் சற்று முன் அவள் வீட்டு மாடிப்படி ஏறினாள். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளிருந்து பற்பசை வாசனை.

வீடு இல்லை.

சுவர்கள் இருந்தன. ஜன்னல்கள் இருந்தன. திரை இல்லை, படம் இல்லை, நாற்காலி இல்லை. கூடத்தின் நடுவில் கருப்பு இரும்புப் பெட்டிகள் வரிசையாக நின்றன. அப்பா முக்காலி மேல் ஏறி, ஆணி பிடுங்கிய ஓட்டைகளில் பற்பசையை அப்பி விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஊரிலும் வீட்டை ஒப்படைக்கும் முன் அவர் செய்யும் கடைசி வேலை அது. எத்தனை அதிகாரிகள் எத்தனை சுவர்களைத் தடவிப் பார்த்திருப்பார்கள்! ஒருத்தர்கூடக் கண்டுபிடித்ததில்லை.

அவள் 'ஏன்' என்று கேட்கவில்லை. வாயில் வரவே இல்லை.

"எப்போ?"

"ஆறு மணிக்கு. சமையலறை முடிஞ்சது. உன் பெட்டி மட்டும் பாக்கி."

"சரி."

செருப்பைக் கழற்றினாள், வேலையில் இறங்கினாள். குக்கருக்குள் கரண்டிகள், கரண்டிகளுக்கு நடுவே உப்பு டப்பா, எல்லாம் அப்பா முடித்திருந்தார். போர்வைகளைத் தட்டுகளுக்கு இடையில் செருகியிருந்தார். அவர் முகத்தில் ஒரு மினுமினுப்பு. ஓய்வூதியக்காரர்கள் சங்கத்தில் செய்தித்தாள் படிக்கும் முகம் இல்லை அது. பத்து வயது குறைந்த முகம்.

அவளுக்கும் ஏதோ நடந்தது. காலையிலிருந்து துறுதுறுத்த கால்கள் அடங்கிவிட்டன. கை தன் பாட்டுக்கு ஓடியது. மடி, சுருட்டு, அமுக்கு. யோசிக்க ஒன்றுமில்லை. பெரிய பாய் ஊசி, தோல் கையுறை, மெழுகு, கெட்டி நூல் உருண்டை, கனமான ஸ்வெட்டர், மழைக்கோட்டு. மரச்சீவல் கப்பலைப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். அடங்கவில்லை. ஒரு வருஷ உழைப்பு. இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். கண்கூடக் கலங்கவில்லை. இந்தக் குடும்பத்துக்கு அது பழகிய விஷயம்.

திரும்பி வந்து, அப்பா பிடித்துக்கொள்ள, அவருடைய பெட்டிக்குக் கயிறு கட்டினாள். முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எங்கேப்பா போறோம்?"

"அதை நீதானே சொல்லணும் பாப்பா?"

"நானா?"

"உத்தரவு உன்கிட்டயிருந்துதானே வந்துச்சு?"

கயிறு கையில் நின்றது.

அப்பா சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சத்தமாகப் படித்தார். "குவார்ட்டர் கிடையாது. ஆறு மணிக்கு எல்லாரும் தயாரா இருக்கணும். பேச்சுக்கே இடமில்லை. நான் உடனே சரின்னு போட்டேனே, பாக்கலியா?"

அவள் தன் கைப்பேசியைப் பிடுங்காத குறையாக எடுத்தாள். 'கருங்கொடி'யில் சுறா இன்னும் கருணை கேட்டுக்கொண்டிருந்தான். அவள் மிரட்டல் அங்கே இல்லை. 'வீடு' என்ற குழுவில் கம்பீரமாக நின்றது. வேலை நேரத்தில் கைப்பேசியைத் தொடாத அம்மா அதை இன்னும் பார்த்திருக்கவில்லை.

"ஐயோ அப்பா... இது உங்களுக்கு இல்ல. சுறாவுக்கு."

"சுறாவுக்கா?"

"பல்செட் செய்யறவனுக்கு."

அப்பா யோசித்தார். "பல்செட்காரருக்கு நாம ஏன் குவார்ட்டர்ஸ் குடுக்கணும்?"

"குவார்ட்டர்ஸ் இல்லப்பா, குவார்ட்டர். உயிர்ப்பிச்சை!"

"அவர் உயிரை நீ ஏன் எடுக்கப் போறே?"

அவள் பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். வேறு வீடாக இருந்தால், இப்படி ஒரு செய்தி வந்தால் மனிதர்கள் போன் செய்து 'என்னம்மா உளர்றே' என்று கேட்டிருப்பார்கள். இந்த வீட்டில் மட்டும்தான் சுவர் ஆணி வரை பிடுங்கி வைப்பார்கள்.

அவள் மட்டும் என்ன? 'எப்போ' என்று கேட்டாள். 'சரி' என்றாள். யார் உத்தரவு என்று கேட்கவில்லை. அவளுடைய உத்தரவுக்கு அவளே கட்டுப்பட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்பா மெதுவாகப் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தார். விரலில் ஒட்டியிருந்த பற்பசையைப் பார்த்தார். "தப்புன்னா பரவால்ல விடு. மதியம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அப்புறம் அவளுடைய பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முப்பது வருஷம் பெட்டி கட்டியவர் கண்.

"பாப்பா. தலையணை வைக்கல. குடை வைக்கல. இந்தப் புழுக்கத்துல கம்பளி ஸ்வெட்டர் எதுக்கு? மழைக்கோட்டு எதுக்கு? நீ எங்க கிளம்பறே?"

அவளும் பார்த்தாள். வீடு மாறுகிறவள் கட்டிய பெட்டி இல்லை அது.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேரும் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள். மேஜர் வாசலில் நின்றார். பெட்டிகளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"யார் உத்தரவு?"

அப்பா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"என்னங்க, உங்களைத்தான். ரெண்டு வருஷம் நீட்டிச்சாச்சுன்னு இப்பத்தான் ஆபீஸ்ல சொன்னாங்க. நான் இனிப்பு வாங்கிட்டு வரேன், நீங்க வீட்டைக் காலி பண்ணி வச்சிருக்கீங்க!"

"ஒரு சின்னத் தகவல் பிசகு, மேஜர்" என்றார் அப்பா. சங்கடமான நேரங்களில் அவர் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார். "நம்ம பெட்டி வரைக்கும்தான் பிசகு. பாப்பா பெட்டி பிசகு இல்லன்னு தோணுது."

இனி ஒளிக்க முடியாது. கேப்டன் சொன்னாள். கப்பல், மேஸ்திரி, எட்டு மாசம், ஆறு மணி. ஒரே மூச்சில் சொன்னாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயம்.

மேஜர் இனிப்புப் பொட்டலத்தைப் பெட்டி மேல் வைத்தார்.

"கப்பல்ல டாக்டர் உண்டா?"

"தெரியாதும்மா."

"மருந்துப் பெட்டி?"

"தெரியாது."

"உனக்கு நீச்சல் தெரியாது. அதுவாவது தெரியுமா?"

"அந்தக் காலத்துக் கடல்காரங்கள்ல பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாதும்மா."

"அவங்கள்ல பாதிப் பேரு இப்ப எங்க?" மேஜரின் குரல் உயர்ந்தது. "பொட்டலம் கட்டி, இடம் மாறி, பொட்டலம் பிரிச்சு... இத்தனை வருஷம் கழிச்சு ஒரு இடத்துல உக்காந்திருக்கோம்டி. ரெண்டு வருஷம் எவனும் நம்மளை அசைக்க முடியாது. அதைச் சொல்லத்தான் படியேறி ஓடி வந்தேன். நீ என்னடான்னா... நேத்தே தெரியும், ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா உனக்கு?"

"தோணுச்சும்மா."

"அப்புறம்?"

"நீங்க போன்னு சொன்னாலும் சரின்னு சொல்லியிருப்பேன். போகாதேன்னு சொன்னாலும் சரின்னு சொல்லியிருப்பேன். அதான் கேக்கல."

மேஜர் சுவரில் புதிதாகப் பூசிய வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா எதையும் பார்க்காமல் முக்காலியை மடக்கினார், விரித்தார், மடக்கினார்.

ஆறாக இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. கேப்டன் கைப்பேசியை எடுத்தாள். எழுத்தை நம்பினால் காரியம் ஆகாது என்று தெரிந்துவிட்டது. எண்ணை அழுத்தினாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரே காற்றுச் சத்தம்.

"யாரு?"

"நான்தான், தார்ப்பாய்ப் பட்டறை."

"என்னம்மா? காத்து அடிக்குது, சத்தமாச் சொல்லு!"

"வரேன்!"

"என்ன?"

"வரேன்! நான் வரேன்!"

வெறும் சுவர்களில் பட்டு அது படிக்கட்டு வரை எதிரொலித்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. மேஸ்திரி ஏதோ சொன்னார், பாதி காற்றில் போனது, 'விடியக்காலம்' என்பது மட்டும் கேட்டது. இணைப்பு அறுந்தது.

அவள் பெட்டி மேல் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் வரை போனாள், திரும்பினாள். நிம்மதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"டெட்டனஸ் ஊசி எப்பப் போட்டே?" என்றார் மேஜர் திடீரென்று.

"ஞாபகம் இல்லம்மா."

"பழைய கப்பல். பாத்த இடமெல்லாம் துருப்பிடிச்ச ஆணி. ஊசி அறையைப் பூட்டறதுக்குள்ள போயாகணும். செருப்பைப் போடு." பூட்ஸைக் கழற்றாமலே திரும்பினார். வாசலில் நின்று, தலையைத் திருப்பாமல், "என்னங்க, நம்ம ரெண்டு பேர் பெட்டியைப் பிரிச்சிடுங்க. அவளோடதுல கை வைக்காதீங்க" என்றார்.

"அதுல ஒரு தலையணை மட்டும்..." என்று அப்பா இழுத்தார்.

"அடங்காது. விடுங்க."

மேஜர் முன்னால் இறங்கினார். இரண்டு இரண்டு படியாக, ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கிற அதே வேகம். பின்னால் ஓட வேண்டியிருந்தது. முதல் திருப்பத்தில் குரல் மட்டும் வந்தது.

"எட்டு மாசம்னா, எட்டு மாசம்தானே?"

"காத்தைப் பொறுத்தும்மா. முன்னப்பின்ன ஆகலாம்."

மேஜர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தார்.